மீன்கொத்தி பாலிஷ் நின்றுபோன ஊரில்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லுவான்ஷ்யா என்ற செம்புச் சுரங்க ஊரின் குடியிருப்பில், மலாமா அடுக்களையிலிருந்து வாசல்வரை வெறுங்காலோடு நடந்துபோன இடமெல்லாம் சிமெண்டுத் தரை சிவந்தது. ரத்தச் சிவப்பு இல்லை, மண் சிவப்பும் இல்லை. மீன்கொத்தி பாலிஷின் சிவப்பு. வாசனையும் அதேதான், மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்து, அடியில் எங்கோ கருகிய ஆரஞ்சுத் தோலுமாக. அந்தப் பாலிஷ் கடைகளுக்கு வராமல் போய் அப்போது இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. அந்த வாரம் சோளமாவு விலை மறுபடி ஏறியது, சந்தைப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மலாமாவின் கால் தரைக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தது. ஊரில் இன்றும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

மீன்கொத்தி பாலிஷ் வட்டத் தகர டப்பாவில் வந்தது. மூடியில் ஒரு நீல மீன்கொத்தி, எதையோ கோபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் திருகைத் திருகினால் மூடி ‘டொக்’கென்று எழும்பும். வெள்ளிக்கிழமை மாலைகளில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த ‘டொக்’ கேட்கும். பெண்கள் மண்டியிட்டுப் பூசி, பழைய கம்பளித் துண்டைக் காலில் கட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்ப்பார்கள். ஒருத்தி எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள அவளோடு பேச வேண்டியதில்லை, அவள் வீட்டு வராந்தாவில் உன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்த அதே காலத்தில் என்டோலாவில் இருந்த பாலிஷ் ஆலையும் கதவைச் சாத்தியது. அதற்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு தண்ணீர் வந்தது. அதைப் போட்டால் தரை சிவக்கவில்லை, பிள்ளைகளின் காலுறைதான் சிவந்தது. செங்கல்லைப் பொடித்து மெழுகுவத்தியில் குழைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதோடு அந்த முயற்சி முடிந்தது. வீடு வீடாகத் தரை சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. அடியில் இருந்தது வெறும் சிமெண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் அதைப் பார்த்தபோது ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது.

மாலையானால் ஜெரேயின் பெட்டிக்கடை முன்னால் ஆண்களும் பெண்களும் கூடி, நின்றுபோனவற்றைப் பற்றிப் பேசுவார்கள். வேலை போனதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நீலக் காகிதம் சுற்றிய துணிச் சவுக்காரத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

“ஒரு கட்டி வாங்குனா மாசம் பூரா வரும். இப்ப வர்ற சவுக்காரம் தண்ணியப் பாத்ததும் கரைஞ்சு ஓடுது, சண்டைக்குப் பயந்தவன் மாதிரி.”

“டப்பா ஜாம் ஞாபகம் இருக்கா? அதுல இருந்தது பூசணிக்காய்தான்யா. என் மச்சான் அங்கதான் வேல பாத்தான்.”

“பூசணியா இருந்தா என்ன, கழுதையா இருந்தா என்ன? நல்லா இருந்துச்சா இல்லியா?”

இந்தக் கூட்டத்தில் மலாமா ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. நின்றபடி, கால் மாற்றி மாற்றி, கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். நாற்பதைத் தாண்டிய, நெடிய கால்களுள்ள பெண். அவளால் இரண்டு காரியங்கள் முடியாது. ஓர் இடத்தில் இருக்க முடியாது. வாயில் போட்டதைப் பற்றி நினைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாவு வீட்டில், அழுகைக்கு நடுவே, களி வேகவில்லை என்று சொன்னவள் அவள். களி கிண்ட மாவில் தவிடு இருக்க வேண்டும், வெள்ளை மாவு நோயாளிக்கு ஆனது என்பாள். கபெந்தா என்ற பொடிமீன் கருவாட்டைத் தலை வெடிக்கும்வரை பொரிக்காதவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். வெண்டைக்காயைச் சோடா உப்புப் போட்டுக் கொழகொழவென்று ஆக்குவது மூக்கின் வேலை, அடுப்பின் வேலை இல்லை என்பாள். கடைக் கோழி துவைத்துப் பிழிந்த துணி. பூசணி இலையை நிலக்கடலைப் பொடியில் வேகவைப்பது ஒன்றுதான் அவளுக்குக் குறையில்லாத உணவு, அதையும் பாதிப் பேர் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறார்கள். கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பது பெரிய யோசனை. கூப்பிடாவிட்டாலும் வழியில் போகிறவளாக வந்துவிடுவாள்.

ஜெரே கிழக்கிலிருந்து வந்த ங்கோனி இனத்தான், மலாமா பெம்பா. அந்த இரண்டு கூட்டத்துக்கும் பழைய காலத்துச் சண்டை ஒன்று முடிந்து, கேலி மட்டும் பாக்கி நிற்கிறது. யார் எதைச் சொன்னாலும் கோபப்படக் கூடாது என்பது ஏற்பாடு.

“ஏ குரங்கு தின்னி, இன்னிக்கு யார் வீட்டுக் கொழம்ப நாசம் பண்ணிட்டு வர்ற?” என்பான் அவன்.

“எலியச் சுட்டு வாலோட முழுங்கறவனுக்குக் கொழம்பப் பத்தி என்னடா பேச்சு?”

“வாலுதான் ருசி. உங்களுக்கு எங்க தெரியும்? நீங்கதான் குரங்குக்கு வால வெட்டிட்டு, சித்தப்பான்னு கூப்புடற ஆளுங்களாச்சே.”

அவள் கணவன் கபேசோவிடம் இப்படிப் பேச முடியாது. அவன் சுரங்கத்தில் பாறை வெடிக்கும் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவன். வேலை போன மறுநாளும் விடிவதற்கு முன் எழுந்து, சீருடை போட்டு, பிறகு போக இடம் இல்லை என்பது ஞாபகம் வந்து, வாசலில் அவகாடோ மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அதிலிருந்து அங்கேதான் இருந்தான். ஒரே மகன் லுபுத்தோ வடமேற்கில் லாரி ஓட்டினான். வீட்டில் அசையாத ஒருவன், நிற்காத ஒருத்தி. அவள் உப்பு வாங்கச் சந்தைக்குப் போய், பாதி வழியில் திரும்பி, மறுபடி போவாள். சாம்ஃபியாவில் ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்ட தங்கை கசுபாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று வந்து நிற்கும்.

கால் சிவந்த அன்று அவள் முதலில் செங்கல்லால் தேய்த்துப் பார்த்தாள். செங்கல் பளபளத்தது. உள்ளங்காலில் வலி இல்லை, சிவப்பும் போகவில்லை. லேசான ஒரு அரிப்பு மட்டும், நடந்தால் அடங்குகிற அரிப்பு. பக்கத்து வீட்டுக்காரி வாசனை பிடித்து வந்தாள். வராந்தாவில் குனிந்து தன் முகத்தைப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். “டப்பா எங்க ஒளிச்சு வச்சிருக்க? நெசமாச் சொல்லு” என்றாள். மலாமா அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போய் ஒரு சுற்று நடந்து காட்டினாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அவளைக் கூப்பிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு போட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் அவள் நினைத்ததைச் சொன்னாள். ஒரு வீட்டில் புழு வறுவலுக்குத் தக்காளி போட்டதைச் சொன்னாள், இன்னொரு வீட்டில் கீரை மண்ணோடு இருந்ததைச் சொன்னாள். தரை பளபளவென்று இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கோ அப்படி ஒரு நாள் அதுவரை வாய்த்ததில்லை. நாள் முழுக்க நடை, நாள் முழுக்கச் சாப்பாடு, கேட்க ஆள்.

மூன்றாம் நாள் கபேசோ நாற்காலியிலிருந்து எழுந்தான்.

அவன் எழுந்ததை ஊர் கவனித்தது, கால் சிவந்ததைவிட அதுதான் பெரிய செய்தி என்று சிலர் சொன்னார்கள். முகம் மழித்து, பழைய மேஸ்திரிக் குரலை எடுத்துக்கொண்டு, யார் வீடு முதலில், யார் வீடு அடுத்து என்று வாசலில் நின்று முடிவு செய்தான். ஒரு வீட்டுக்கு ஒரு சாப்பாடு, ஒரு கிண்ணம் மாவு, பெரிய வீடானால் ஒரு கோழி. பிறகு அவன் மலாமா தெருவில் நடந்துபோவதைப் பார்த்தான். அவள் பின்னால் மண்ணில் சிவப்பு அடி அடியாக வீணாகிக் கிடந்தது. அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. சுரங்கத்திலிருந்து வந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதற்கு எண்ணெய் போட்டு, தலையணை ஒன்றை வைத்துக் கொண்டுவந்தான்.

“ஏறு” என்றான்.

“எதுக்கு?”

“ஒவ்வொரு அடியும் ஒரு டப்பாடி. ரோட்டுல கொட்டலாமா?”

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். முதல் சில வாரம் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள், ஜெரே கடையிலிருந்து எழுந்து நின்று “பெம்பா ராணி போறா, குரங்குங்களே வழி விடுங்க” என்று சலாம் வைத்தான். கால்கள் கபேசோ பக்கம் நீட்டியிருக்க, உள்ளங்கால்கள் வானத்தைப் பார்க்க, அவள் ஊரைச் சுற்றினாள். வீட்டில் இருக்கும்போது காலை முக்காலியில் தூக்கி வைக்கச் சொன்னான். கொல்லைக்குப் போனால் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டான். அவள் தூங்கும்போது போர்வையில் சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தான். உள்ளூர்க் குடியிருப்பு முடிந்து, அடுத்த குடியிருப்பு, அதற்கடுத்தது என்று ஆள் வந்தது. மலாமா ஒரு நாளில் தரையில் வைத்த அடிகள் குறைந்துகொண்டே வந்தன, எல்லாம் பிறர் வீட்டுத் தரைகளில். கால் அரித்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே அவள் பாதங்கள் காற்றில் மெல்ல நடக்க ஆரம்பித்தன. கபேசோ அதை ஒரு கையால் பிடித்து நிறுத்துவான்.

அவள் நாக்குதான் அவனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பாதிரியார் வீட்டுக்குப் போன அன்று, வண்டியை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கெஞ்சினான். “இன்னிக்கு ஒரு நாள் வாயக் கட்டு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான.” பாதிரியாரின் மனைவி முலென்ஷி கனத்த உடம்பும் கனத்த குரலுமுள்ள பெண், பாடகர் குழுவுக்குத் தலைவி. கோழி சமைத்திருந்தாள். மலாமா சாப்பிட்டாள். முலென்ஷி எதிரே நின்று, “எப்படி இருக்கு?” என்றாள். மலாமா கணவனைப் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றாள். பிறகு எழுந்து கூடத்தில் நடந்தாள். தரை சிவக்கவில்லை. பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில், திட்டுத் திட்டாக, ஒரு அழுக்கு படர்ந்தது. வாசனையும் இல்லை. மறுபடி நடந்தாள், இன்னும் மோசமாயிற்று.

கபேசோவுக்கு வியர்த்துவிட்டது. முலென்ஷி தரையைப் பார்த்தாள், மலாமாவைப் பார்த்தாள், காலித் தட்டைப் பார்த்தாள்.

“லுபுத்தோ அம்மா, என் வீட்டுல நீ எதையோ முழுங்கிட்ட.”

“கோழியத்தான் முழுங்குனேன்.”

“அதோட வேற ஒண்ணையும் முழுங்கிருக்க. துப்பு.”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரு.”

“இது என் வீடு. நான் சொல்றேன், துப்பு.”

“கோழி நல்ல கோழிதான் அக்கா. நாட்டுக் கோழி. அத அவசரப்பட்டு எறக்கிட்டீங்க. எலும்புக்கிட்ட ரத்தம் நிக்குது. அது தெரியக் கூடாதுன்னு கறிமசாலா அள்ளிக் கொட்டிருக்கீங்க. விருந்தாளி வர்றாங்கன்னா கோழிய மொத நாளே அடிக்கணும். பைபிள் படிக்கற வேகத்துல சமைக்கக் கூடாது.”

சொல்லி முடித்தபோது அவள் நின்ற இடம் சிவந்தது. அவள் நடக்கவே இல்லை, சிவப்பு தானாகப் பரவிச் சுவர்வரை போய் நின்றது. முலென்ஷியின் முகம் முதலில் அழப்போவதுபோல் ஆயிற்று. பிறகு தரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். “பதினெட்டு வருஷமா இந்த மனுஷன் என் கோழியத் தின்னுட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருக்கார்” என்றாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. சிவப்புத் தரை வேண்டுமானால் மலாமா சொல்வதைக் கேட்டாக வேண்டும். சிலர் சாம்பல் தரையே போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தி தன் மாமியாரைச் சமைக்க வைத்து மலாமாவைக் கூப்பிட்டாள், அந்த வீட்டுத் தரை கண் கூசும்படி அமைந்தது. ஊரின் சமையல் அந்த நாட்களில் கொஞ்சம் நன்றாக ஆனது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. லுவான்ஷ்யாவில் முக்கால்வாசி வராந்தா மறுபடி சிவந்தது. மலாமாவின் கால் சூம்பிவிட்டது. அவள் வீட்டில் எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு மட்டும் தேயவில்லை, ஆனால் முன்புபோல அதில் சந்தோஷம் இல்லை. கேட்கப்பட்டதைச் சொல்கிறவள் ஆகிவிட்டாள். ஏதோ ஒரு வீட்டில் அருமையான பூசணி இலை போட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று உண்மையாகச் சொன்னாள், தரை சிவந்தது, அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று முழுக்க அதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

சாம்ஃபியாவிலிருந்து கருவாடு ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவன் வீட்டைத் தேடி வந்தான். முக்காலியில் தூக்கி வைத்த காலைப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “ஏரிக்கரை கசுபாக்கா சொல்லி விட்டாங்க. எங்க அக்கா உசுரோட இருக்காளா இல்லையா, பாத்துட்டு வந்து சொல்லுன்னாங்க” என்றான்.

மலாமா தன் காலைப் பார்த்தாள். “பாத்துட்டல்ல, நீயே சொல்லு” என்றாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் பேச்செடுத்தாள். ஈஸ்டர் போகட்டும் என்றான் கபேசோ. ஈஸ்டர் போனது. மழை விடட்டும் என்றான். பழைய சுரங்கக் கிளப்பின் நடன மண்டபத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம், அது முடியட்டும் என்றான். அந்த மண்டபத் தரை ஊரிலேயே பெரியது. அங்கே போகிற அன்று, காலை வெயிலில், அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரவுண்டானாவரை வந்தான். ஒரு கிளை கிளப்புக்குப் போகிறது, மற்றது என்டோலாவுக்கு.

“நிறுத்துங்க” என்றாள் மலாமா.

“தண்ணி வேணுமா?”

“எறங்கணும்.”

“இங்க எதுக்கு? தார் ரோடு. வைக்கிற அடியெல்லாம் வீண்.”

“வீணாப் போகட்டும்.”

அவள் வண்டியின் விளிம்பைப் பிடித்து இறங்கினாள். முதல் அடியில் முழங்கால் மடங்கியது. அவன் பிடிக்க வந்தான், கையைத் தட்டிவிட்டாள். இரண்டாவது அடி நின்றது. பிறகு அவள் என்டோலாச் சாலையில் நடந்தாள், மெதுவாக, ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில். தார் சிவந்து பளபளத்தது.

“லுபுத்தோ அம்மா! அங்க அடுப்ப மூட்டிட்டாங்க!”

“நீங்க போய்ச் சாப்புடுங்க. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க.”

கபேசோ அங்கேயே நின்றான். கிளப் பக்கம் பார்த்தான், அவள் பக்கம் பார்த்தான். ஜெரே கடை அங்கிருந்து தூரமில்லை. ஜெரே கேலி எதுவும் பேசாமல் ஒரு பொட்டலம் உப்பும் ஒரு பை மாவும் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். கபேசோ வண்டியைத் தூக்கி, சிவப்புத் தடத்தின் மேல் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனான்.

அந்தச் சாலையில் ஒரு மினிபஸ் வழுக்கிக் குறுக்காக நின்றது, யாருக்கும் காயமில்லை. அதற்கு மறுநாள் ‘வழுக்கும் பாதை’ என்று இரண்டு இடங்களில் பலகை நட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் சாக்கை விரித்து அதில் சறுக்கினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வராந்தாக்கள் மங்கத் தொடங்கின, பாட்டில் தண்ணீரைப் போட்டுக்கொண்டு ஊர் சமாளித்தது. ஜெரேயின் கடை முன்னால் நின்றுபோனவற்றைப் பற்றிய பேச்சில் சவுக்காரத்துக்குப் பிறகு மலாமாவின் பெயரும் வரத் தொடங்கியது.

அவர்கள் மெதுவாகத்தான் போனார்கள். என்டோலாவில் பழைய பாலிஷ் ஆலையைத் தாண்டிப் போனபோது, காவல்காரன் வாசனை பிடித்துக் கேட்டுக்கு ஓடிவந்தான். முஃபுலிராவில் ஒரு கிழவர் நடுச்சாலையில் மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். எல்லையில் இருந்த அதிகாரி மலாமாவின் காலையும் கபேசோவின் வண்டியையும் பார்த்துவிட்டு, கொண்டுபோகும் பொருள் என்ற இடத்தில் சோளமாவு என்று எழுதச் சொன்னார். அதன் பிறகு காங்கோ மண்ணின் வழியாகப் போகும் குறுக்குப் பாதை. அது தானே சிவந்த மண், அவள் தடம் அங்கே நிறத்தால் தெரியவில்லை, பளபளப்பால் மட்டும் தெரிந்தது. நடக்க நடக்க மலாமாவின் கால் தேறியது. அரிப்பு போய்விட்டது. மரம் ஒன்று தெரிந்தால் அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது, பார்த்த பிறகு அடுத்த மரம். கபேசோ தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். அவன் கிளப் மண்டபத்தை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

ஒரு மத்தியானம் அவள் ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்தபோது, அவன் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கரண்டியைத் தொட்டதில்லை. அவள் உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள்.

“கட்டி கட்டியா இருக்கு. உள்ள பச்ச மாவு. கீரைல உப்பு ரெண்டு தரம் போட்ருக்கீங்க.”

“ம்.”

“அடி பிடிச்சுருக்கு.”

“ம்.”

“ஆனா சாப்புடறேன்.” இன்னொரு கவளம் எடுத்தாள். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினாள். ஊரில் எல்லோர் வீட்டுச் சாப்பாட்டையும் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள், தன் சமையலைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. “என் சமையல் எப்படி? இத்தன வருஷத்துல நீங்க ஒண்ணும் சொன்னதில்லியே?”

கபேசோ நெருப்பைக் கிளறினான். “சமையல்ல ஒரு கொறையும் இல்ல” என்றான். இன்னொரு சுள்ளியைப் போட்டுவிட்டு, “பாலிஷ்தான்” என்றான்.

“என்ன பாலிஷ்?”

“மீன்கொத்தி. அந்த வாசன எனக்கு ஆகாது. மண்ட ரெண்டாப் பொளக்கற மாதிரி வலிக்கும்.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “எப்பலேர்ந்து?”

“நீ வந்து மொத வெள்ளிக்கெழம பூசுனியே, அன்னிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“ஊரே அதுக்கு உசுர விட்டுது. நான் மட்டும் எப்படிச் சொல்றது? அது நின்னு போச்சுன்னு கேட்ட அன்னிக்கு, சொன்னாச் சிரிப்ப, சுரங்கத்துல என் பேர வெட்டிட்டாங்கன்னு சொன்ன அதே வாரம், நான் சந்தோசமாத்தான் இருந்தேன்.”

“இந்த ஒன்றர வருஷம் வண்டி தள்ளுனீங்களே. மூஞ்சிக்கு நேரா என் கால வச்சுக்கிட்டு.”

“மாத்தர போட்டுக்கிட்டுத் தள்ளுனேன்.”

“எதுக்கு?”

“காலைல எந்திரிச்சா செய்ய ஒரு வேல இருந்துச்சு” என்றான் கபேசோ.

மலாமா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கெஞ்சாமலே நினைத்ததைச் சொல்லாமல் அவள் இருந்தது அநேகமாக அந்த ஒரு தரம்தான், அதற்காகக் கீழே மண் அழுக்கு நிறமாக மாறவும் இல்லை. தட்டில் இருந்த களியை, அடிப்பிடித்த பகுதியையும் சேர்த்து, இருவருமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். மறுபடி புறப்பட்டபோது அவள் ஈர விரலைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்தாள். “நீங்க அந்தப் பக்கம் வாங்க” என்றாள். அதிலிருந்து அவன் அவள் பின்னால் வரவில்லை. காற்று வரும் பக்கமாக, பக்கத்திலேயே நடந்தான். காற்று திரும்பினால் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

மறுபடி சொந்த நாட்டுக்குள் போக, லுவாப்புலா ஆற்றைக் கடக்கும் மிதவையில் ஏறினார்கள். மிதவைக்காரன் இரும்புத் தளம் சிவந்ததைப் பார்த்து, துரு என்று நினைத்துத் திட்டினான். மன்சாவைத் தாண்டிய பிறகு காற்றில் மீன் வாசனை வந்தது. சாம்ஃபியாவில் ஏரிக்கரை மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மலாமா அதில் நடந்தாள். சிவப்பு விழுந்தது, அலை வந்து எடுத்துக்கொண்டு போனது, அவள் மறுபடி நடந்தாள். இப்படியே கரையோரம் வெகுதூரம் போய்விட்டு, கபேசோ கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தாள்.

கசுபா வாசலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மேலிருந்து கீழே பார்த்தவளின் கண் காலில் போய் நின்றது.

“என்னக்கா காலுல?”

“மீன்கொத்தி பாலிஷ்.”

“அப்படின்னா?”

மலாமா சொல்ல வாயெடுத்தாள். டப்பா, திருகு, வெள்ளிக்கிழமை, ஊர், வண்டி எல்லாம் வாய்வரை வந்தது. கசுபாவின் வீடு மண் தரை. சாணமும் சாம்பலும் போட்டு மெழுகி, விளக்குமாற்றின் கோடு விசிறி விசிறியாகத் தெரிந்தது.

“அது கெடக்கட்டும்” என்றாள் கசுபா. “அப்பறம் சொல்லு. அந்தச் சாக்குல நல்லாத் தொடச்சிட்டு உள்ள வா. இப்பதான் மெழுகிருக்கேன், அப்பிவெச்சுடாத. மாமா, நீங்களும் வாங்க. களி ஆறுது.”

மலாமா வாசலில் கிடந்த சாக்கில் உள்ளங்காலைத் துடைத்தாள், ஒன்று, பிறகு மற்றது. உள்ளே போய் உட்கார்ந்து மீனைப் பிட்டு வாயில் வைத்தாள். ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்துவிட்டது என்றாள். அப்படியானால் நாளைக்கு நீயே வந்து காயப் போடு, நான் உட்கார்ந்து குறை சொல்கிறேன் என்றாள் தங்கை. மலாமா மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும். மீன் காயும் நேரத்தில் கரையோரமாக நடந்து போய்விட்டு வருவாள், சில நாள் அடுத்த கிராமம்வரை. கபேசோ படகிலிருந்து சந்தைக்குத் தள்ளுவண்டியில் மீன் ஏற்றினான், விடியும் முன்பே எழுந்துகொண்டான். வாசல் சாக்கு சிவப்பேறிக் கனத்துப்போனால் கசுபா அதை மாற்றிப் புதிது போட்டாள். பழையதை வலைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் படகின் அடியில் தேய்த்தார்கள். தண்ணீர் கசிவதில்லை, படகும் நன்றாக வழுக்கிப் போகிறது என்றார்கள்.